பெர்னார்ட் போட்ட வெற்றிலை

பமேலா எதையும் மூன்று முறை பார்க்கிறவள். ஃப்ளாட் கதவைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரைக்கும் போவாள். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். லிஃப்ட் வந்து நின்ற பிறகு இன்னொரு தடவை ஓடி வருவாள். ஈப்போவில் அவள் வேலை செய்யும் தனியார் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இந்தக் குணத்துக்குக் கவனம் என்று பெயர். வீட்டில் அவள் அப்பா பெர்னார்ட் வைத்திருந்த பெயர் வேறு.

"இந்தப் பிள்ளைக்கு அவ கை மேலயே அவளுக்குச் சந்தேகம்லா," என்பார்.

முப்பது வருஷம் பள்ளி வேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். பின்கண்ணாடியைத் தவிர வாழ்க்கையில் எதையும் அவர் இரண்டாம் முறை பார்த்ததில்லை.

பமேலாவும் அவளோடு வேலை செய்த பவித்ரன் என்ற இளைஞனும் ஓர் எச்சில் சோதனையை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது, ஆளுக்கு ஒரு தொந்தரவும் தெரிவதற்கு முன்பே, ஒரு புரதம் எச்சிலில் கூடிவிடுகிறது. அதைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் நுண்துகள்கள் அவர்களிடம் இருந்தன. ஒரு காகிதப் பட்டையில் எச்சிலை விட்டுச் சிவப்பு விளக்கை அடித்தால், புரதத்தைப் பிடித்த துகள்கள் பதிலுக்கு ஓர் ஒளியை விடும். சிவப்பையும் தாண்டிய ஒளி அது. மனிதக் கண்ணுக்குத் தெரியாது. சோற்றுப் பெட்டி அளவுக்கு அவர்கள் செய்துவைத்திருந்த மெஷினுக்குத் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத ஒளியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் எல்லாமே பேசும். காப்பி பேசும், மஞ்சள் பேசும், ஈறிலிருந்து கசியும் இரத்தம் பேசும். சிவப்பைத் தாண்டிய அந்த இருட்டில் இவையெல்லாம் வாயை மூடிக்கொள்கின்றன. துகள் மட்டும் பேசுகிறது.

"காலையில நாசி லெமாக்க சம்பலோட அடிச்சிட்டு வந்தாலும் நம்ம மெஷினுக்குத் தெரியாதுக்கா," என்று பவித்ரன் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தான்.

அந்தத் துகள்களுக்குள் இருந்த அரிய உலோகம் பேராக் மாநிலத்துப் பழைய ஈயச் சுரங்க மணலிலேயே கலந்து கிடப்பதுதான். இருந்தாலும் இவர்களுடையது வெளிநாட்டிலிருந்து கூரியரில் வந்தது. வந்து சுங்கத்தில் பல நாள் தூங்கிவிட்டுத்தான் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது.

கல்லூரி மாணவர்களின் எச்சிலில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. இனி வெளியே உள்ள ஜனங்களிடம் பார்க்க வேண்டும், நடுத்தர வயது தாண்டியவர்கள், இனிப்பு நீர் வியாதி உள்ளவர்கள் வேண்டும் என்று பேராசிரியர் சொன்னார். பெர்னார்ட் உடனே ஒரு வழி சொன்னார். பத்து காஜா ஊரைத் தாண்டி, அவர் பிறந்த ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில், இப்போது செம்பனையும் தாமான் என்கிற புதுக் குடியிருப்பும் இருந்தன. மிச்சம் இருந்தது கோயிலும் அதன் மண்டபமும். கோயில் தலைவர் சதாசிவம், பெர்னார்ட்டோடு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்.

"சதாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். ஆளைக் கொண்டாந்து குமிச்சிருவான்," என்றார் பெர்னார்ட்.

சதாசிவம் ஆளை மட்டும் கொண்டுவரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பெர்னார்ட்டின் வேன் மண்டபத்துக்கு முன்னால் நின்றபோது கூடாரம் போட்டிருந்தது, பேனர் கட்டியிருந்தது, மைக் கரகரத்துக்கொண்டிருந்தது. மெஷினை இறக்கியதும் ஒரு பெண்மணி வந்து அதன் மூடியில் சந்தனம் வைத்து அதற்கு மேல் குங்குமம் வைத்தார். பமேலா துடைக்கத் துணி தேடினாள்.

"விடுங்கக்கா. குங்குமம் அந்த இருட்டுல பேசாது," என்றான் பவித்ரன்.

விதி ஒன்றுதான். சோதனைக்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. பிறகு ஒரு பஞ்சை வாயில் வைத்து நன்றாக நனைத்து, கருப்புக் குப்பியில் போட்டு மூடித் தர வேண்டும். வெளிச்சம் பட்டால் சோதனை கெடும் என்பதால் குப்பியைக் கருப்பாக வாங்கியது பமேலாவின் யோசனை. அவள் கோயில் சாமான் அறையில் மெஷினோடு உட்கார்ந்துகொண்டாள். வெளிச்சத்துக்குப் பயந்து கதவையும் சாத்திக்கொண்டாள்.

முதல் சிக்கல் சீக்கிரமே வந்தது. கொளுத்தும் வெயிலில் அரை மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்தவர்களுக்கு வாயில் எச்சிலே இல்லை. பஞ்சு பஞ்சாகவே திரும்பி வந்தது.

"பாப்பா, நீ கவலைப்படாத. நான் பாத்துக்கிறேன்," என்று கதவுக்கு வெளியே இருந்து சதாசிவம் குரல் கொடுத்தார்.

என்ன பார்த்துக்கொண்டார் என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நனைந்த பஞ்சுகள் வரிசையாக வர ஆரம்பித்தன. அவள் அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள். குப்பி கொண்டுவந்த ஒவ்வொருவரிடமும் தவறாமல் கேட்டாள்:

"ஏதாச்சும் சாப்பிட்டீங்களா? குடிச்சீங்களா?"

"பச்சைத் தண்ணி பல்லுல படலம்மா," என்றார் நல்லம்மாள் என்ற பெரியம்மா. மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

கடைசியில் இரண்டு பட்டைகள் மிஞ்சின. "டேடி, நீங்களும் ஒண்ணு குடுங்க, வீணாப் போகுது," என்று பமேலா வாசலில் நின்ற அப்பாவைக் கூப்பிட்டாள். பெர்னார்ட் பஞ்சை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இரண்டு முறை எடுத்துக் காட்டினார். இரண்டு முறையும் போதாது என்று திருப்பி அனுப்பினாள். ஒருவழியாகக் கொடுத்தார்.

மெஷின் எண்களைச் சொல்லத் தொடங்கியது. முதல் ஆள் அதிகம். இரண்டாம் ஆள் அதிகம். பத்துப் பேர் தாண்டியும் ஒருவர்கூட அபாயக் கோட்டுக்குக் கீழே வரவில்லை. மொத்த மண்டபத்துக்கும் சிறுநீரகம் கெட்டிருந்தது.

பமேலா பட்டைகளை மறுபடி வைத்துப் பார்த்தாள். மூன்றாம் முறையும் பார்த்தாள். முடிவைக் கேட்டுக்கொண்டு போகத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள். பவித்ரன் வெளியே போய், "கொஞ்சம் கூடுதலா காட்டுது, மறுபடி பாக்கிறோம்," என்று சொல்லி முடிப்பதற்குள் செய்தி மைக்குக்குப் போய்விட்டது. தாமான் தண்ணீர்த் தொட்டிதான் காரணம் என்றார் ஒருவர். பழைய தோட்டத்து மருந்து மண்ணில் ஊறிக் கிடக்கிறது என்றார் இன்னொருவர். ஒரு பெண்மணி அழ ஆரம்பித்தார்.

"எனக்கு எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார் சதாசிவம். பமேலா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மத்தவங்களுக்கு?"

"அங்கிள், அதைச் சொல்லக் கூடாது."

"என்னை விட ஜாஸ்தி யாருக்காச்சும் இருக்கா? அதை மட்டும் சொல்லு."

"இல்ல."

முகம் வெளிறியிருந்தாலும் சதாசிவம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். எதிலும் தலைவராகவே இருந்து பழகியவர்.

உண்மையைக் கொண்டுவந்தவர் நல்லம்மாள். கூட்டத்துக்கு நடுவில் விழித்துக்கொண்டு நின்ற பவித்ரனைப் பார்த்து இரக்கப்பட்டு, "ஏன் தம்பி நீ பயப்படுற? இந்தா, நீயும் ஒண்ணு போட்டுக்க. வாய் நல்லா ஊறும்," என்று ஒரு வெற்றிலையை நீட்டினார். அதற்குள் ஒரு கிராம்பு மடித்திருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு பெரிய பித்தளைத் தட்டு, பாதி காலியாக.

வெளியே வந்த பமேலா தட்டைப் பார்த்தாள். "இது எல்லாரும் போட்டாங்களா?"

"ஆமாம்மா. சாமிகிட்ட வச்சு எடுத்துட்டு வந்து தலைவரே குடுத்தாரு. பாக்கு, சுண்ணாம்பு எதுவும் இல்ல. சிவப்பாப் போயிரும்னு அவரே வேணாம்னுட்டாரு."

"பெரியம்மா, நீங்க எதுவும் சாப்பிடலன்னு சொன்னீங்களே?"

நல்லம்மாள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெத்தலை என்ன சாப்பாடாம்மா?"

சாப்பாடு இல்லைதான். வெற்றிலை மரியாதையைச் சேர்ந்தது. அதைச் சோற்றோடும் தண்ணீரோடும் சேர்த்துக் கேள்வி கேட்கலாம் என்று மண்டபத்தில் இருந்த யாருக்கும் தோன்றியிருக்காது. ஈப்போ மாணவர்களின் எச்சிலை வைத்து விதி எழுதிய பமேலாவுக்கும் தோன்றவில்லை.

பவித்ரன் வெற்றிலையை மென்றான். பஞ்சைக் கொடுத்தான். காலையில் மெஷினைச் சரிபார்த்தபோது சாதுவாக இருந்த அவன் எண் இப்போது சதாசிவத்தையே தாண்டியது. இலையின் பச்சை இருக்கிறதே, அது சிவப்பு வெளிச்சம் பட்டால் சிவப்பைத் தாண்டிப் பதில் சொல்லக்கூடியது. காப்பியும் மஞ்சளும் வாயை மூடிக்கொண்ட அந்த இருட்டில் பச்சை இலை மட்டும் சத்தமாகப் பேசியிருக்கிறது. குப்பி மட்டும் கருப்பாக இல்லாமல் இருந்திருந்தால், பஞ்சு பச்சையாக இருப்பதை யாராவது பார்த்திருப்பார்கள்.

சதாசிவம் மைக்கைப் பிடித்தார். "பொதுமக்களே! யாருக்கும் ஒண்ணும் இல்ல! எல்லாம் வெத்தலை பண்ணுன வேலை! சாப்பாடு ரெடி!"

கைதட்டல் அடங்கச் சிறிது நேரமானது. செல்லாத மாதிரிகளை அன்றே அழித்துவிட வேண்டும் என்பது ஆய்வின் விதி. பமேலா விதியை மீறாதவள். பட்டைகள், குப்பிகள் எல்லாவற்றையும் மருந்து ஊற்றி அழித்துப் பையில் கட்டினாள். மூன்று முறை எண்ணிப் பார்த்துக் கட்டினாள்.

வேன் பத்து காஜா ஊருக்குள் நுழையும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. எல்லாரும் வெற்றிலை போட்டார்கள். எல்லாருக்கும் எண் கூடியது. சரி. அப்பாவுக்கும் கூடியிருந்தது. மற்றவர்கள் அளவுக்கு இல்லை, ஆனால் கோட்டுக்கு நன்றாகவே மேலே.

"டேடி, நீங்க வெத்தலை போட்டீங்களா?"

பெர்னார்ட் சிக்னல் போட்டார். திரும்ப வேண்டிய சந்து எதுவும் பக்கத்தில் இல்லை.

"போட்டேன்."

"நீங்களா? சாமிகிட்ட வச்ச தட்டுலயா?"

"சதா குடுத்தான். மூஞ்சில அடிச்ச மாதிரி வேணாம்னு சொல்ல முடியுமா?"

மாதா கோயில் செபக் குழுவின் தலைவர் பெர்னார்ட். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் ஒரு கிளாஸ் மோர் வாங்கிக் குடித்ததற்காகத் தன் மைத்துனரோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர். அதுபோக, வெற்றிலை வாடையே அவருக்கு ஆகாது.

"அப்ப ஏன் உங்களுக்கு மட்டும் பஞ்சு நனையவே இல்ல?"

"வயசுலா."

"சதாசிவம் அங்கிளுக்கும் அதே வயசுதான்."

"அவன் இருபத்து நாலு மணி நேரமும் பேசி வாயை ஈரமாவே வச்சிருக்கான். போதும், வண்டி ஓட்டவிடு."

பமேலாவுக்கு ஜோனதன் சித்தப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பாவின் தம்பி. கால் வீங்கிய பிறகுதான் அவருக்குச் சிறுநீரகம் போனது தெரிந்தது. வாரம் மூன்று நாள், பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, இதே வேனில் பெர்னார்ட்தான் அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனார். அடக்கம் முடிந்த நாளிலிருந்து எந்தக் கிளினிக் வாசலையும் பெர்னார்ட் மிதித்ததில்லை.

"ஒரு ரத்த டெஸ்ட் மட்டும் எடுத்துரலாம் டேடி. ரத்தத்துல வெத்தலை குழப்பம் இல்ல."

"வெத்தலை போட்டவனெல்லாம் ரத்தம் குடுக்கணும்னா முதல்ல சதாவைக் கூட்டிட்டுப் போ. காலையில ஊருக்கே கிட்னி போச்சுன்ன மெஷின், இப்ப எனக்கு மட்டும் சரியாச் சொல்லுதா?"

தப்புச் செய்த மெஷின், தப்புச் செய்த நாளில், தப்பாகச் சொன்ன நாற்பது எண்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் சரி என்று எப்படிச் சொல்வது? அந்தப் பட்டையை மறுபடி பார்க்கலாம் என்றால் அதை அவளே அழித்துவிட்டாள்.

வீட்டில் இதைக் கேட்ட அம்மா ஐவிக்குச் சிறுநீரகம் காதில் ஏறவில்லை, வெற்றிலை ஏறியது.

"மோர் குடிச்ச என் தம்பி வீட்டுக்குள்ள வரக் கூடாது. நீங்க சாமித் தட்டுல கை வைக்கலாம், அப்படித்தான?"

"தப்புத்தான் ஐவி."

ஐவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் எதையும் தப்பு என்று ஒப்புக்கொண்டதில்லை. பமேலாவும் அதைக் கவனித்தாள். அவர் பொய் சொல்கிறார் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி அவளுக்குத் தேவைப்பட்டிருக்கக் கூடாது. ஆனாலும் இரவு படுத்த பிறகு, ஒருவேளை போட்டேதான் இருப்பாரோ என்று நினைத்தாள்.

நேரில் பார்த்தவரிடமே கேட்டுவிடலாம் என்று சதாசிவத்துக்கு ஃபோன் செய்தாள்.

"பெர்னார்ட்டா? வெத்தலையா?" சதாசிவம் ஒரு விநாடி யோசித்தார். "அவனே போட்டேன்னு சொன்னானா?"

"ஆமா அங்கிள்."

"அட! அப்ப போட்டிருப்பான். போட்டான், போட்டான். நான்தான் குடுத்தேன்."

அதற்குள் ஐவி நியாயம் கேட்டு மாதா கோயில் சாமியாரிடம் போயிருந்தாள். சாமியார் இளைஞர். அவர் கோபப்படவில்லை, நெகிழ்ந்துபோனார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பெயரைச் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் தெரியும்படி, பிற சமயத்து நண்பர் அன்போடு நீட்டியதை அன்போடு ஏற்றுக்கொண்ட ஒரு பெரிய மனசைப் பற்றிப் பேசினார். பெர்னார்ட் முதல் வரிசையில் உட்கார்ந்து, போடாத வெற்றிலைக்காகப் புகழப்பட்டுக்கொண்டிருந்தார். பின்வரிசையில் மைத்துனர் சத்தமாகச் செருமினார்.

பிரசங்கம் வாட்ஸ்அப்பில் பத்து காஜாவுக்குப் போக அரை நாள் ஆனது. சதாசிவம் கூப்பிட்டார். "மச்சான், உங்க சாமியார் பேசினதைக் கேட்டேன்டா. கண்ணு கலங்கிருச்சு. என் கையால குடுத்தேன், நீ மறுக்கல பாரு! அடுத்த கேம்ப் அன்னிக்கு உனக்குப் பொன்னாடை போத்துறோம்."

"அதெல்லாம் எதுக்குடா, சுசா, வீண் சிரமம்..."

"சும்மா இருடா. கமிட்டியில முடிவு பண்ணியாச்சு."

பெர்னார்ட் இதையும் ஏற்றுக்கொண்டார். ஓர் ஊசியிலிருந்து தப்பிக்க எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். கிளினிக் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "அதான் வெத்தலைன்னு ஊருக்கே தெரியுமே," என்று முடித்துவிடுவார். காலையில் கண்ணுக்குக் கீழே வீக்கம் இருந்தது. தூக்கம் சரியில்லை என்றார்.

ஆய்வுக்கூடத்தில் வெற்றிலையை எப்படி அடக்குவது என்று பமேலாவும் பவித்ரனும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வெற்றிலைக்காரர்களை விலக்கிவிடலாம் என்றார் பேராசிரியர். "அப்ப யாரை டெஸ்ட் பண்றது, சுவத்தையா?" என்றான் பவித்ரன், பேராசிரியர் போன பிறகு.

வழி துகளிலேயே இருந்தது. விளக்கை அணைத்தால் இலையின் பச்சை அந்தக் கணமே அணைந்துவிடும். துகள் அப்படியல்ல; விளக்கு அணைந்த பிறகும் கண்ணிமைப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் தன்பாட்டுக்கு ஒளிர்ந்துகொண்டிருக்கும். ஆகவே விளக்கு எரியும்போது மெஷின் பார்க்கக் கூடாது. அணைத்து, இலை அடங்கட்டும் என்று ஒரு துளி நேரம் பொறுத்து, அப்புறம் கண்ணைத் திறக்க வேண்டும். அப்போதும் எது பேசுகிறதோ அதுதான் நோயின் குரல். இதைச் சரிப்படுத்த அவர்களுக்கு ஆறு வாரம் ஆனது. பவித்ரன் தினமும் வெற்றிலை போட்டான். கடைசியில் எவ்வளவு மென்றாலும் மெஷின் அவனைக் கண்டுகொள்ளவில்லை. பமேலா மூன்று முறை பார்த்தாள். பிறகு இன்னொரு மூன்று முறை பார்த்தாள்.

இரண்டாம் முகாமுக்குப் போகும் வழியில், வேனில், அவள் ஆரம்பித்தாள். "டேடி, ஒரு விஷயம் சொல்லணும். மெஷின்ல ஒண்ணு மாத்தியிருக்கோம். இனிமே வெத்தலை..."

பெர்னார்ட் ரேடியோவைக் கூட்டினார். "காலையிலேயே மெஷின் கதை வேணாம்மா."

மண்டபத்தில் முன்னைவிடப் பெரிய பேனர். முதல் காரியமாகப் பொன்னாடை. சதாசிவம் நண்பருக்குச் சிவப்புச் சால்வையைப் போர்த்திக் கட்டிப்பிடித்தார். பிறகு தட்டு வந்தது.

"பாப்பா, இன்னிக்கு வெத்தலை போடலாமா?" என்று சதாசிவம் மைக்கிலேயே கேட்டார்.

"தாராளமா போடலாம் அங்கிள்," என்றாள் பமேலா.

பெர்னார்ட்டின் முகம் மலர்ந்தது. ஏன் போடலாம் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. இந்த முறை பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் இருந்தது. சதாசிவம் தன் கையால் மடித்துக் கொடுத்ததை, வாழ்க்கையில் முதல் தடவையாக, மூக்கைச் சுருக்கிக்கொண்டு வாயில் திணித்தார். போதாது என்று இன்னொன்றும் கேட்டு வாங்கினார். கூட்டம் கைதட்டியது. இந்த முறை கூட வந்திருந்த ஐவி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பஞ்சு அவருக்கு இந்த முறை ஒரே நொடியில் நனைந்தது.

முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. கம்மி, கம்மி, கம்மி. வெளியே மைக்கில் சதாசிவம், "பொதுமக்களே, எனக்குக் கோசோங்! ஒண்ணுமே இல்ல!" என்று தன் சிறுநீரகத்தை ஊருக்கு அறிவித்தார். சாமான் அறையில் பமேலா அப்பாவின் பட்டையை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. இலை அடங்கியது. மெஷின் கண்ணைத் திறந்தது.

முதல் முகாமில் வந்ததற்குப் பக்கத்திலேயே வந்தது எண், கொஞ்சம் கூடுதலாகவே.

அவள் அப்பாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். சால்வையோடும் வாய் நிறைய வெற்றிலையோடும் அவர் எண்ணைப் பார்த்தார்.

"வெத்தலை," என்றார், வாயைத் திறக்காமல்.

"இல்ல டேடி. இந்த மெஷினுக்கு இப்ப வெத்தலை தெரியாது. அதைத்தான் வண்டியில சொல்ல வந்தேன். வெளியில எல்லாரும் வெத்தலைதான் போட்டிருக்காங்க."

பெர்னார்ட் சுற்றுமுற்றும் பார்த்தார். எச்சிலுக்காகவே நடக்கும் அந்த முகாமில் துப்புவதற்கு ஓர் இடம் இல்லை. ஜன்னலைத் திறந்து சாக்கடையில் துப்பிவிட்டு, சால்வை நுனியால் வாயைத் துடைத்தார்.

"இன்னொரு தடவை பாரு."

பமேலாவின் கை தன்னால் அடுத்த பட்டைக்குப் போனது. உறையைத் தொட்டது. பிரிக்கவில்லை.

"வேணாம் டேடி."

"நீ மூணு தடவை பாக்குறவ."

"இது சரி."

இந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. அவர் சாமான் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். வெளியே யாரோ பாட்டுப் போட்டார்கள், உடனே நிறுத்தினார்கள்.

"ஜோனதன் அந்த நாற்காலியில உக்காந்திருப்பான்," என்றார். "நாலு மணி நேரம். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். ஒரு நாள்கூட உள்ள போய்ப் பக்கத்துல நிக்கல. நின்னா அடுத்த நாற்காலி எனக்குன்னு தோணும்."

"சித்தப்பாவுக்குத் தெரியும்போது ஒண்ணும் மிச்சம் இல்ல டேடி. உங்களுக்கு மிச்சம் இருக்கும். எவ்வளவுன்னு ரத்தம் குடுத்தாத்தான் தெரியும்."

அவர் பதில் சொல்வதற்குள் மைக் அலறியது. "இப்போது, மத நல்லிணக்கத்தின் எடுத்துக்காட்டு, என் ஆருயிர் நண்பன் பெர்னார்ட் இரண்டு வார்த்தை பேசுவார்!"

பெர்னார்ட் எழுந்து போனார். பமேலா பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார், ஐவியைப் பார்த்தார்.

"போன தடவை நான் வெத்தலை போடல," என்றார். "போட்டேன்னு பொய் சொன்னேன். டாக்டர்கிட்ட போகப் பயம். அவ்வளவுதான்."

யாரும் கைதட்டவில்லை. சதாசிவம் அதைத் தாங்கக்கூடியவர் அல்ல. இன்னொரு மைக்கை எடுத்தார்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! தன்னடக்கம்! என் கையால குடுத்தேன், என் கண்ணு முன்னாடி போட்டான். இப்ப பெருமை வேணாம்னு சொல்றான்! இதுதான் பெர்னார்ட்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. நல்லம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெர்னார்ட் மறுபடி வாயைத் திறந்தார். யார் காதிலும் விழவில்லை. ஐவி மட்டும் நாற்காலியைத் திருப்பி அவர் பக்கமாகப் போட்டுக்கொண்டு, அவர் கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இறங்கி மகளிடம் வந்தார்.

"நிஜத்தைச் சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டேங்கிறான்லா."

"நான் நம்புறேன் டேடி."

"கிளினிக் எத்தனை மணிக்குத் திறப்பான்?"

"எட்டு மணிக்கு."

"ஏழரைக்குப் போய் நின்னாத்தான் சீக்கிரம் கூப்பிடுவான்," என்றார் பெர்னார்ட். சால்வையைக் கழற்றி, எங்கே வைப்பதென்று தெரியாமல், கையிலேயே சுருட்டி வைத்துக்கொண்டார். "மம்மியும் வரட்டும். நீ உள்ள வந்து பக்கத்துல நில்லு."